மாடத்தி சொன்ன ‘அடிச்சான்’

அவளைப் பைத்தியம்னு சொல்லுத ஆளுக்கு என் வண்டியில எடம் கெடையாது வே, எறங்கும். சரி சரி, மொகத்தைத் தொங்கப் போடாதீரும். நீரு அசலூரு. ரயிலடியில எவனோ வெத்தலையைக் குதப்பிக்கிட்டுச் சொன்னதைக் கேட்டு அப்படியே சொல்லுதீரு. அவனை ஒதைக்கணும். உக்காரும். குத்தாலம் போய்ச் சேருததுக்குள்ள அவ கதையைச் சொல்லிப்போடுதேன். பெறகு யாரு பைத்தியம்னு நீரே சொல்லும்.

அங்கன புல்லுக்கட்டோட நின்னாளே, அவ பேரு மாடத்தி. ஆய்க்குடிப் பொண்ணு. எங்க ஸ்டாண்டுல குதிரைவண்டி ஓட்டின பரமசிவனுக்கு வாக்கப்பட்டு வந்தவ. பரமசிவன் எனக்குக் கூடப்பொறக்காத தம்பி. நான் ஹபீபுல்லா, அவன் பரமசிவன், ஆனா எங்க ரெண்டு குதிரையும் ஒரே தொட்டியிலதான் தண்ணி குடிச்சது. மாடத்தி வயக்காட்டு வரப்புல புல்லறுத்துக் கொண்டாந்து எங்களுக்குப் போடுவா. வாயின்னா வாயி, அப்படி ஒரு வாயி. "என்னட்டி, புல்லு வாடிக் கெடக்கு"ன்னு ஒருத்தன் கொறை சொன்னா, "ஏன் அண்ணாச்சி, திங்கப்போறது நீரா, குதிரையா? குதிரை ஒண்ணும் சொல்லலியே"ம்பா. ஸ்டாண்டே சிரிக்கும். கொறை சொன்னவனும் சேந்து சிரிப்பான்.

ஆனா அந்த வாய்க்கும் ஒரு பூட்டு இருந்துச்சு. பொம்பளைக புருசன் பேரைச் சொல்ல மாட்டாஹ, அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். எங்க வீட்டு ஜாஹிரா பீவி கூட என்னை "இந்தாங்க"ம்பா. கோவம் வந்தா செவுத்தைப் பாத்துக்கிட்டு "இவுஹ செய்யித காரியத்தைப் பாரேன்"ம்பா. மாடத்தி பாடு அதைவிடக் கஷ்டம். புருசன் பேரு சாமி பேராப் போச்சே! கோயில்ல எல்லாரும் "சிவசிவா"ன்னு கன்னத்துல போட்டுக்கிடும்போது இவ உதட்டைக் கூட அசைக்க மாட்டா. "அவுஹ பேருள்ள சாமி"ன்னுதான் சொல்லுவா. பேரைச் சொன்னா புருசன் ஆயுசு கொறையும்னு அவ ஆத்தா சொல்லிக் குடுத்துருக்கா. "ஏ மாடத்தி, கைலாசத்துல குடியிருக்கது யாரு, சொல்லு பாப்போம்"னு நாங்க வம்புக்கு இழுப்போம். "எங்க வீட்டு ஆளு பேருகாரரு. போயி வேலையப் பாரும்"னு கட்டைத் தூக்கிட்டுப் போயிருவா.

இதுல ஒரு கூத்து என்னன்னா, இன்னொரு பேருகாரனும் இருந்தான். போலீசு ஏட்டு. எந்த டேசன்னு கேக்காதீரும், நாளைக்கும் நான் அந்த வழியாத்தான் வண்டி ஓட்டணும். அவன் பேரும் பரமசிவன். எங்க வண்டியெல்லாம் மாமனாரு சீதனமாக் குடுத்த மாதிரி வந்து ஏறுவான். "ஏலே பேருகாரா, வண்டியக் கட்டுலே"ன்னு நம்ம ஆளைத்தான் கூப்பிடுவான். நம்ம ஆளும் பல்லைக் காட்டிக்கிட்டுப் போவான். பேரு ஒண்ணாயிருக்கதுனால தனக்கு ஏதோ ஒரு காவல் இருக்குன்னு அந்த வெகுளிப்பய நெனச்சுட்டான்.

வெள்ளக்காரன் இன்னும் பத்துப் பன்னெண்டு வருசம் இருக்கப்போற சமயம் அது. நல்ல சாரல். சிவகிரிப் பக்கத்துலேருந்து ஒரு பெரிய வீட்டுக் குடும்பம் சீசனுக்கு வந்துச்சு. பரமசிவன்தான் பெரிய அருவிக்குக் கொண்டு போனான். குளிச்சுட்டு வந்த அந்த வீட்டம்மா கழுத்துல கெடந்த வடச்சங்கிலியைக் காணும். அருவி தாலியவே அத்துக்கிட்டுப் போகும், சங்கிலியை விடுமா? ஆனா அந்த வீட்டு மொதலாளி குதிச்சாரு. ஏட்டுக்கு அவரைக் குளுப்பாட்டணும். "வண்டிக்காரன்தான துணிமணிக்குக் காவல் நின்னான்"னு சொல்லிப் பரமசிவனைப் புடிச்சான். அதுவும் எப்படி? அவன் வண்டியிலேயே அவனை ஏத்தி, அவனையே ஓட்டச் சொல்லி, டேசனுக்குக் கொண்டு போனான். மத்தியான நேரம். நான் ஆலமரத்தடியில நின்னு பாக்கேன். "விசாரிச்சுட்டு விட்டுருவாஹ அண்ணாச்சி, மாடத்தி கிட்டச் சொல்லிரும்"னு சிரிச்சுக்கிட்டுத்தான் போனான்.

நான் போயி அவகிட்டச் சொன்னேன். அவ தூக்குல கஞ்சியை ஊத்திக்கிட்டு டேசனுக்கு ஓடுனா. முன்வாசல்ல விடல. பொறவாசல் வேலிப்பக்கமாச் சுத்திப் போயிப் பாத்துருக்கா. பரமசிவனைத் தூணோட சேத்துக் கட்டி, காலை ரெண்டையும் பெஞ்சு மேல நீட்டி வச்சு, உள்ளங்கால்ல ஏட்டு கம்பால அடிக்கான். இவ போட்ட சத்தத்துல கம்பு நின்னுச்சு. ரெண்டு போலீசு வந்து இவளை ரோட்டுல கொண்டு தள்ளிட்டானுவ. கஞ்சியெல்லாம் மண்ணுல. மறுநா விடிஞ்சதும், "உன் புருசன் தப்பிச்சு ஓடி அருவிக்கரையில வழுக்கி விழுந்து செத்துட்டான்"னு ஆளு வந்து சொன்னான்.

பொணத்தைக் குளுப்பாட்டும்போது நான் கூட இருந்தேன் வே. உள்ளங்கால் ரெண்டும் கத்திரிக்கா நெறத்துல வீங்கிக் கெடந்துச்சு. நானும் பொறந்ததுலேருந்து அந்த அருவியில குளிக்கேன். தலையில விழும், முதுகுல விழும். உள்ளங்கால்ல எப்படி வே விழும்? அந்தக் காலை வச்சுக்கிட்டு ஒருத்தன் எப்படி வே தப்பிச்சு ஓடுவான்? யா அல்லா!

அதே டேசன்ல ஞானதுரைன்னு இன்னொரு ஏட்டு உண்டும். வயசாளி, மோசமில்லாத மனுசன். அவரை அனுப்பிச் சமாதானம் பேசுனானுவ. "தாயி, போன உசுரு திரும்பாது. உன் மடியில கெடக்க முப்பிடாதி கைப்பிள்ளை, அதை வளக்க வழியப் பாரு. போலீசை எதுத்து எந்த ஊர்ல யாரு செயிச்சுருக்கா?"ன்னாரு. மாடத்தி பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு வாசல்லயே நின்னு சொன்னா, "ஐயா, எனக்கு ஒண்ணும் வேண்டாம். அவுஹ ஓடி விழுந்து சாகல, அந்த ஆளுதான் அடிச்சான்னு சர்க்காரு வாயால ஒரு சொல்லு சொல்லணும். களவாணின்னு பேரெடுத்துல்லா போயிட்டாஹ." ஞானதுரை துண்டால மொகத்தைத் தொடச்சுக்கிட்டுப் போயிட்டாரு.

ஸ்டாண்டுல சாட்சிக்குக் கூப்பிட்டா ஒரு பயலுக்கும் கண்ணு தெரியல, காது கேக்கல. லைசென்சு போயிருமேன்னு பயம். கண்ணால பாத்தவ அவ ஒருத்திதான். தென்காசி வக்கீல் நெல்லையப்ப பிள்ளை அவளுக்காக மனு எழுதிக் குடுத்தாரு. நல்ல மனுசன், அப்ப எளவட்டம், சட்டத்து மேல ரொம்ப நம்பிக்கை. எழுதி எழுதி, கடைசியில ஒரு தொரை விசாரிக்க வாரதா உத்தரவு வந்துச்சு. எங்கன? குத்தாலத்துலதான். சீசன்ல தொரைமாரு எல்லாரும் பங்களாவுலல்லா கெடப்பாஹ, ஆபீசுக் கச்சேரியும் அவுஹ பின்னால வந்துரும்.

வக்கீல் அவளுக்குப் பாடம் சொல்லிக் குடுத்தாரு. "ஏட்டு பரமசிவன் அடிச்சாரு, நான் பாத்தேன். இவ்வளவு சொன்னாப் போதும் தாயி." அவ தலையை ஆட்டுனா. சொல்லிக் காட்டுன்னு அவரும் கேக்கல. சட்டம் படிச்ச அளவுக்கு அவரு பொம்பளைகளைப் படிக்கல. நானும் கூடத்தான் நின்னேன், எனக்கும் ஒறைக்கல. வண்டியில போகும்போதுதான், "அண்ணாச்சி, ஏட்டுன்னு மட்டும் சொன்னாக் காணாதா?"ன்னு மெதுவாக் கேட்டா. அப்பத்தான் எனக்குச் சுருக்குன்னுச்சு. "ஏ தாயி, அவன்தான் செத்துட்டானே, இனிமே கொறையுறதுக்கு என்ன ஆயுசு இருக்கு?"ன்னேன். "போன எடத்துல நல்லாருக்கணும்லா. அங்கன எதாவது கொறஞ்சு போச்சுன்னா?"ன்னா. நான் குதிரையைத் தட்டி விட்டேன்.

பங்களா வராந்தாவுல விசாரணை. தொரை நாற்காலியில, பக்கத்துல தமிழை இங்கிலீசாக்கிச் சொல்லுததுக்கு ஒரு சிரஸ்தார். நாங்கல்லாம் படியில. இது கோர்ட்டு இல்ல, விசாரணைதான், அதனால வக்கீல் நிக்கலாம், பேசக்கூடாதுன்னுட்டாஹ. மாடத்தி நல்லாத்தான் ஆரம்பிச்சா. கஞ்சி கொண்டு போனது, வேலிப்பக்கம் போனது, தூணு, பெஞ்சு, கம்பு, எல்லாஞ் சொன்னா.

"யாரு அடிச்சது?"

"ஏட்டு."

"எந்த ஏட்டு?"

அந்தச் சமயம் சீசன் பந்தோபஸ்துக்கு ஆலங்குளம், செங்கோட்டைன்னு நாலா பக்கத்துலேருந்தும் ஏட்டுமாரு வந்து கெடந்தானுவ. கையைக் காட்டலாம்னா அந்தப் பயலை அன்னைக்குன்னு பாத்து வேற எடத்துக்கு டூட்டி போட்டு அனுப்பிட்டானுவ. என்ன ஒரு சூதுன்னு பாரும்.

"அவுஹ பேருதான் அந்த ஆளுக்கும்"னா மாடத்தி.

சிரஸ்தார் நம்ம சீமைக்காரன்தான், வீட்டுல அவனுக்கும் பொண்டாட்டி இருக்கா, விளங்காமலா இருக்கும்? "இவளுக்குப் பேரு தெரியலையாம்"னு தொரை கிட்டச் சொன்னான். வக்கீல் பேசக்கூடாதுன்னதையும் மீறி முன்னால வந்து, எங்க வழக்கம் இப்படின்னு இங்கிலீசுல விளக்குனாரு. தொரை சிரிச்சுட்டு, "புருசனுக்கு நியாயம் கேட்டு வந்தவ ஒரு பேரைச் சொல்லக் கூடாதா? சொல்லச் சொல்லு"ன்னுட்டான். அவனைச் சொல்லியும் குத்தமில்ல. அவன் பொண்டாட்டி நாள் முழுக்கப் புருசனைப் பேரு சொல்லித்தான கூப்பிடுவா.

நெல்லையப்ப பிள்ளை அவகிட்டக் கையெடுத்துக் கும்பிட்டாரு வே. "தாயி, இந்த ஒரு தடவை மட்டும். இல்லன்னா எல்லாம் போயிரும்." அவ பிள்ளையைக் கீழ விட்டா. கண்ணை இறுக்க மூடிக்கிட்டா. ரெண்டு தடவை வாயத் திறந்து மூடுனா. பெறகு வந்துச்சு.

"பரமசிவன்."

படியில நின்ன எங்களுக்கெல்லாம் மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு. "பரமசிவன் என்ன செஞ்சான்?"னு சிரஸ்தார் கேக்கான்.

"பரமசிவன் அடிச்சான். ஈவு எரக்கமில்லாம அடிச்சான்"னு சொல்லி, வாயில முந்தானையைத் திணிச்சுக்கிட்டு அப்படியே தரையில உக்காந்துட்டா. அதுக்கு மேல அவளுக்குப் பேச்சு வரல, அழுகைதான். "போதும், கைநாட்டு வாங்கு"ன்னான் சிரஸ்தார்.

நான் பொறுக்க மாட்டாமப் படியிலேருந்து கத்துனேன், "தொரை, அந்த உள்ளங்காலைப் பத்தி ஒரு வார்த்தை கேளுங்க!" எனக்குக் கெடைச்சது கழுத்துல கை. அந்த சீசன் முடியுத வரைக்கும் லைசென்சும் கெடையாது.

உத்தரவு வந்த அன்னைக்கு வக்கீல் வீட்டுக்கு நானும் மாடத்தியும் போனோம். அவரு வாசிச்சுத் தமிழ்ல சொல்லுதாரு. பரமசிவன் அடிக்கக் கூடிய மனுசன், ஈவு எரக்கமில்லாம அடிச்சான்னு அவன் பொண்டாட்டியே வாய்மொழி குடுத்துருக்கா. அப்படிப்பட்ட மொரடன் காவல்லேருந்து தப்பிச்சு ஓடி, வழுக்கி விழுந்து செத்தான். போலீசு மேல குத்தமில்ல. இதான் வே உத்தரவு!

எனக்கு மொதல்ல ஒண்ணும் விளங்கல. வக்கீல்தான் தலையில அடிச்சுக்கிட்டு விளக்குனாரு. நம்ம பக்கத்துல எந்தப் பொம்பளையாவது புருசனை "அடிச்சான்"ம்பாளா? புருசன்னா "அடிச்சாஹ". கட்டையில போற கெழவி கூடக் குடிகாரப் புருசனை "அடிச்சாஹ"ன்னுதான சொல்லுதா. மாடத்தி "அடிச்சான்"னு சொன்ன அந்த நிமிசமே அது ஏட்டுதான்னு கழுதை மேய்க்கவனுக்கும் விளங்கிரும். பேரு ரெண்டு பேருக்கும் ஒண்ணு, ஆனா அந்த ஒத்தச் சொல்லுலேயே ஆளைக் காட்டிட்டா அவ. இங்கிலீசுல அந்த வித்தியாசமே இல்லையாம். அங்க புருசனும் ஒண்ணு, ஏட்டும் ஒண்ணு. என்னை வெளிய தள்ளுன பெறகு தொரைக்குச் சந்தேகம் வந்து, "இவ மரியாதையாச் சொன்னாளா, எப்படிச் சொன்னா?"ன்னு அன்னைக்கே சிரஸ்தார் கிட்டக் கேட்டானாம். "மரியாதையில்லாமச் சொல்லுதா தொரை, புருசன் மேல அவ்வளவு வெறுப்பு"ன்னானாம் அந்தப் படுபாவி. பக்கத்துல நின்ன வக்கீல் இது தப்புன்னு சொல்லப் போயி, வாயை மூடுன்னு வாங்கிக் கட்டிக்கிட்டாரு.

மாடத்தி அழல. "அவுஹ என்னை ஒரு நாளும் கை நீட்டுனதில்லையே"ன்னா. "பேரச் சொல்லி அவுஹளையே குத்தவாளி ஆக்கிட்டேனே"ன்னா. என்னால அவளைப் பாக்க முடியல, வண்டிப்பக்கம் போயிக் குதிரையைத் தடவிக்கிட்டு நின்னேன்.

மேல் அப்பீலு, அதுக்கு மேல மனுன்னு வக்கீல் எழுதத்தான் செஞ்சாரு. "ஏற்கெனவே விசாரிச்சாச்சு"ன்னு எல்லாம் திரும்பி வந்துச்சு. அவரும் எத்தனை நாளைக்கு எழுதுவாரு? காங்கிரசு, கதரு, செயிலுன்னு போயிட்டாரு. மாடத்தி அந்தப் பிள்ளையைப் புல்லறுத்தே வளத்தா. ஆனா அவ வாயிப் பூட்டு ஒடஞ்சு போச்சு. ரோட்டுல ஏட்டைப் பாத்தா நின்னு, "பரமசிவன் அடிச்சான்! பரமசிவன் கொன்னான்!"னு கத்துவா. அவன் பாக்காத மாதிரிப் போயிருவான். அவன் போட்ட விதைதான் வே இந்தப் பைத்தியங்கிற பேச்சு. "புருசன் பேரையே சொல்லிக்கிட்டுத் திரியுதா, புத்தி பேதலிச்சுப் போச்சு"ன்னு அவன்தான் மொதல்ல கெளப்புனான். புருசன் பேரைச் சொல்லுத பொம்பளை பைத்தியமாத்தான இருக்கணும்? ஊரும் கெட்டியாப் புடிச்சுக்கிடுச்சு. அதை நம்புதது எல்லாருக்கும் சவுரியமா இருந்துச்சு.

சொதந்திரம் வந்த அன்னைக்கு அவ விடியக்காலமே தலை முழுகி, தொவைச்ச சீலையைக் கட்டிக்கிட்டு என் வீட்டு முன்னால வந்து நிக்கா. "அண்ணாச்சி, வண்டியக் கட்டும். டேசன்ல கொடியேத்துதாஹளாம்."

"அங்கன நமக்கென்னட்டி சோலி?"

"வெள்ளக்காரன் போயிட்டான்லா. இனிமே நம்ம பாஷை தெரிஞ்சவுஹதான கேப்பாஹ? அன்னைக்குத் தொரைக்கு விளங்கல. நம்ம ஆளுகளுக்கு விளங்கும்லா?"

அவ மொகத்துல இருந்த வெளிச்சத்தைப் பாத்துட்டு என்னால மாட்டேன்னு சொல்ல முடியல. கட்டுனேன். போனோம். டேசன் முன்னால ஊரே கூடிக் கெடக்கு. கதர்ச் சட்டைக்காரரு ஒருத்தரு தலைமைக்கு வந்துருக்காரு. முன் வரிசையில நம்ம நெல்லையப்ப பிள்ளை, செயிலுக்குப் போயிட்டு வந்தவருல்லா, மாலையோட உக்காந்துருக்காரு. கொடிக்கயித்தைப் புடிச்சு இழுத்தது யாரு தெரியுமா வே? அந்தப் பரமசிவன்தான். சப்-இன்ஸ்பெக்டராகிட்டான். கொடி ஏறுச்சு, எல்லாரும் கை தட்டுனாஹ. கை தட்டி ஓஞ்சதும் மாடத்தி கூட்டத்தை வெலக்கிக்கிட்டு முன்னால போனா.

"பரமசிவன் அடிச்சான்! தூணுல கட்டி வச்சு அடிச்சான்! பரமசிவன் கொன்னுட்டான் ஐயா!"

"யாரு இந்த அம்மா?"ன்னு கதர்ச் சட்டைக்காரரு கேட்டாரு. சப்-இன்ஸ்பெக்டரு ஓடி வந்து, கையைக் கட்டிக்கிட்டு, மூஞ்சியில அப்படி ஒரு எரக்கத்தை வச்சுக்கிட்டுச் சொல்லுதான்: "பாவம் ஐயா, இவ புருசன் பேரு பரமசிவன். அருவியில விழுந்து செத்துட்டான். அதுலேருந்து அவன் பேரைச் சொல்லிக் கத்திக்கிட்டே திரியுதா." சொல்லிட்டு, தட்டுலேருந்து ஒரு மிட்டாயை எடுத்து அவ கையில வச்சான். "த்சொ த்சொ"ன்னாரு அவரு. நான் நெல்லையப்ப பிள்ளையைப் பாத்தேன். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை எந்திரிச்சுச் சொல்லியிருக்கலாம். மாலையைச் சரி பண்ணிக்கிட்டுக் காலடியையே பாத்துக்கிட்டு இருந்தாரு. சுத்தி நின்னவன் அத்தனை பேரும் இந்த மண்ணுல பொறந்து, இந்தத் தமிழ்ல அழுது வளந்தவன்தான். ஒருத்தன் வாயத் திறக்கல. நான் திறந்தேனான்னு கேக்கீரா? எனக்கும் லைசென்சு இருக்குல்லா.

நான்தான் அவ கையைப் புடிச்சுக் கூட்டியாந்து வண்டியில ஏத்துனேன். கொஞ்ச தூரம் வந்ததும் கேட்டா.

"அண்ணாச்சி, நான் ‘அடிச்சான்’னுதான சொன்னேன்? பதட்டத்துல ‘அடிச்சாஹ’ன்னு சொல்லிரலியே?"

"இல்ல தாயி. ‘அடிச்சான்’னுதான் சொன்ன."

"அப்ப அவுஹளுக்கு விளங்கியிருக்குமா?"

எனக்குப் பொய் சொல்ல வரல வே. "விளங்கிச்சு தாயி. அத்தனை பேருக்கும் நல்லா விளங்கிச்சு"ன்னேன்.